கழுத்துக்குக் கொடுத்த காசு

தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிடாரை உதிரி உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வீட்டில் நாமே பூட்டி, மெருகு பூசி, வாசித்துக்கொள்ள வேண்டியது. சென்ற ஆண்டு அப்படியொரு பெட்டியை இணையத்தில் 11,800 ரூபாய்க்கு வாங்கினேன். கழுத்து ஒன்றே அந்தக் காசு பெறும். உடல், தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பாலம், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், திருகாணி எல்லாவற்றையும் கொசுறு என்று நினைத்துக்கொண்டால் வயிற்றெரிச்சல் இல்லை. கடையின் பெயரை எழுதவில்லை. இதே பெட்டியின் இதே படத்தை வேறு நான்கு கடைகளின் தளங்களிலும் பார்த்துவிட்டேன். ஒருவரை மட்டும் திட்டி என்ன பயன்?

மதுரை செல்லூரில் விசைத்தறி மோட்டாருக்கும் கிணற்று மோட்டாருக்கும் காயில் கட்டுவது என் பிழைப்பு. இளவயதில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் நாங்கள் ஏறாத திருவிழா மேடை குறைவு. கிடார் குழு முதலாளியுடையது. குழு கலைந்த அன்று அதுவும் வேனில் ஏறிப் போய்விட்டது. ஐம்பத்து மூன்று வயதில் மறுபடி ஆசை வந்தபோது, கூடல்நகர் வீட்டு மாடியில் ஒரு தகரக் கொட்டகையும், பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய வைஸும் தயாராக இருந்தன.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று வர வேண்டிய பெட்டி, கோரிப்பாளையம் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் மறுநாள்தான் வந்தது. அந்தத் தாமதத்துக்குக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே உடல், கழுத்து, ட்யூனிங் கீ நான்கு, பாலம், பிக்கப், ஒரு பொட்டலம் திருகாணி, ஒரே ஒரு தாளில் செய்முறை. தாளில் எழுத்தே கிடையாது, படம் மட்டும். அந்தப் படத்திலும் கிடாருக்கு ஐந்து தந்திகள். எனக்கு வந்ததோ நான்கு தந்திக்காரன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1951இல் அமெரிக்க கிடார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த ப்ரிசிஷன் பேஸின் சாயல்தான் இது. வயலின் குடும்பத்து ஆளுயர டபுள் பேஸில் விரலை எங்கே அழுத்துவது என்பது வாசிப்பவரின் காதைப் பொறுத்தது. கழுத்தின் குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளை வைத்தால் சுருதி துல்லியமாக விழும். ப்ரிசிஷன், அதாவது துல்லியம், என்ற பெயர் வந்தது அப்படித்தான். ஆகவே ஃப்ரெட் தப்பினால் மற்றது எதுவும் இருந்து பயனில்லை. தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். மீதமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளின் இடம் கிடைக்கும். முதலாவது 48.5 மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது சரிபாதியான 431.8இல். எங்கள் வீட்டு எல்.ஐ.சி. காலண்டரின் பின்பக்கத்தில் இருபதையும் கணக்குப் போட்டு எழுதி, இரும்பு ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற பிசகு ஒன்றுகூட இல்லை. வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிப்பார்கள்; தப்பினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிடாரில் மரத்தை அறுத்து அடித்து இறக்குவதால் அந்தச் சலுகை இல்லை. இயந்திரம் அறுத்த கழுத்து நம் கை அறுப்பைவிட மேல் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். நான்கு தந்திகளும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ கனத்தோடு கழுத்தை முன்னால் இழுக்கும். கம்பி அதை எதிர்த்து நிற்கிறது. தந்தி பூட்டியபின் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள சந்தில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். ஆலன் கீயை அரைச் சுற்று திருகியதும் 0.35 மில்லிமீட்டரில் வந்து நின்றது. ஐப்பசி ஈரத்தில் கொஞ்சம் வளைந்தது. இன்னொரு கால் சுற்று, அவ்வளவுதான்.

கழுத்திலும் ஒரு பொய் உண்டு. விரல்பலகை ரோஸ்வுட் என்று போட்டிருந்தார்கள். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். துணி கறுத்தது, பலகை வெளுத்தது. ஈட்டி மரம் இல்லாவிட்டால் போகட்டும், ஏதோ ஒரு கெட்டி மரம்தான். ஆனால் சாயம் பூசி ஊரை ஏமாற்றுவானேன்?

மே மாதக் கத்திரி வெயில் இன்னொரு வேலை வைத்தது. எங்கேயோ ஈரக்காற்றில் செய்த கழுத்து எங்கள் தகரக் கொட்டகையில் பத்து நாள் கிடந்ததும் மரம் சுருங்கி, ஃப்ரெட்டுகளின் முனைகள் இரண்டு ஓரங்களிலும் துருத்திக்கொண்டன. கையை ஓட்டினால் ரம்பத்தைத் தடவுவது போல இருந்தது. மெல்லிய அரத்தால் நாற்பது முனைகளையும் மழுக்க இரண்டு மாலைகள் ஆயின. மதுரைக்காரர்கள் இந்தப் பெட்டியைக் கோடையில் வாங்கி, மரம் சுருங்கி முடிந்தபின் அரத்தைக் கையில் எடுப்பது நல்லது. முதலில் அரம் போட்டுவிட்டு வெயிலில் மாட்டினால் இரட்டை வேலை.

இனி உடல். பாஸ்வுட் என்ற மரம். பேஸ் கிடாருக்கும் அதற்கும் உறவு கிடையாது; ஆங்கில எழுத்து ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் மெத்து மரம். மெத்தாக இருப்பது குற்றமில்லை, தோளுக்கு இதம். பாலத்துக்கான துளைகளைக் கோணலாகப் போட்டிருந்ததுதான் குற்றம். கழுத்தை நான்கு திருகாணிகளால் பிணைத்து, பாலத்தையும் பூட்டி, தந்தியை ஏற்றுகிறேன்: கனத்த ஈ (E) தந்தி கழுத்தின் விளிம்பில், வரப்பில் நடப்பவன் போலத் தடுமாறிக்கொண்டு போகிறது. மறு ஓரத்து ஜி (G) தந்திப் பக்கம் ஒரு விரல் இடம் சும்மா கிடக்கிறது.

பட்டறைக்குப் பக்கத்தில் கதவு, ஜன்னல் செய்யும் ஆசாரியிடம் கொண்டுபோனேன். கிடாரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“நூல் பிடித்துப் பார்த்தீர்களா தம்பி?”

“இல்லை அண்ணே, துளை போட்டுத்தான் வந்தது.”

“யாரோ போட்ட துளையை நம்பி நிலைக்கதவு வைப்பீர்களா?”

வெள்ளைத் தையல் நூலின் ஒரு முனையைக் கழுத்தின் தலைமாட்டில், நடுவில் ஒட்டினார். மறுமுனையை இழுத்துக் கழுத்தின் அடியிலும் நடுவே ஓடும்படி வைத்து, உடலின் மேல் நீட்டிப் பிடித்தார். பாலத்தின் நடுவிலிருந்து நூல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஓடியது. பழைய துளைகளைத் தேக்குச் சிம்பும் ஃபெவிகாலும் வைத்து அடைத்து, ஒரு ராத்திரி விட்டு, நூலடியில் புதிதாகத் துளைத்தேன். கூலி வாங்க மறுத்துவிட்டார், டீயும் வடையும்தான். பெட்டியோடு வந்த திருகாணிகளில் ஒன்று அன்றைக்கே தலை முறிந்து மரத்துக்குள் தங்கிவிட்டது. மற்றவற்றை மெழுகுவர்த்தியில் தேய்த்து இறக்கினேன், பிழைத்தன. நீங்கள் அவற்றை நேரே குப்பையில் போட்டுவிட்டு நல்ல திருகாணி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரப் பகுதியில் என் தொழில் கைகொடுத்தது. எல்லாவற்றையும் இணைத்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். தந்தியைத் தொட்டால் குறைந்தது, அடங்கவில்லை. இந்தப் பிக்கப் 1957இல் வந்த வடிவம்: இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் இரண்டு தந்திகளுக்கு. ஒன்றின் காந்தமும் கம்பிச் சுற்றும் மற்றதற்கு எதிராக இருப்பதால், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிட வேண்டும். மீட்டரில் ஒரு துண்டு 5.2 கிலோஓம், மற்றது 5.3. இரண்டும் உயிரோடு இருக்கின்றன, பிறகு ஏன் உறுமுகிறது? மோட்டாரில் ஒரு காயிலை மட்டும் தலைகீழாக இணைத்துவிட்டால் அது ஓடாமல் உறுமும். முப்பது ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய உறுமல். இங்கேயும் அதே கோளாறுதான். ஒரு துண்டின் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தேன், இரைச்சல் செத்தது. ஒவ்வொரு தந்தியும் ஒரு துண்டின் மேல் மட்டும் ஓடுவதால், தவறாக இணைத்தாலும் நாதத்தில் வித்தியாசம் தெரியாது. இரைச்சல் மட்டும் இரட்டிப்பாகும். அதனால்தான் கடையில் யாருக்கும் பிடிபடவில்லை போலும். தெரியாத ஒருவர் இதே பெட்டியை வாங்கினால், வீட்டு எர்த்தைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்தது நட். தந்திகள் கழுத்தின் தலைமாட்டில் தங்கும் சிறு குறுக்குப் பட்டை. பிளாஸ்டிக், அதன் வெட்டுகள் ஆழமில்லாததால் தந்தி உயர நின்றது, முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறியது. எலும்பில் செய்தால் நன்றாக இருக்கும் என்று தெரியும். மாட்டுக்கறிக் கடையில் ஒரு கால் எலும்பு வாங்கி, சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்தேன். வாடை மாடியிலிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டது. மனைவி ஏறி வந்து சட்டியை எட்டிப் பார்த்து, “இந்தச் சட்டி இனி கீழே வரக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கும் அது மாடியில்தான் இருக்கிறது, ஸ்குரூ போட்டு வைத்திருக்கிறேன். எலும்பை ஹாக்ஸாவால் அறுத்து, 42 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தேய்த்து, நான்கு வெட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். முதல் எலும்பில் வெட்டு ஆழமாகிக் கெட்டது. இரண்டாவது நின்றது.

மெருகு என் தவறு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, ஐப்பசி அடைமழையில் பூசினேன். காற்றின் ஈரம் பட்டு வெள்ளைப் புகை படர்ந்தது போல ஆனது. தை மாதம் வரை காத்திருந்து, தேய்த்துவிட்டு மறுபடி பூசினேன். இதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

பெட்டி விலைக்கு மேல் அரம், உப்புத்தாள், அரக்கு, நல்ல தந்தி என்று மூன்றாயிரம் ஆனது. முடிந்த கிடார் 3.6 கிலோ. தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. முதல் முறை அதை மீட்டியபோது கொட்டகைத் தகரமே சேர்ந்து அதிர்ந்தது. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று தளத்தில் கேட்டார்கள். மூன்று போட்டேன், மூன்றும் கழுத்துக்கு. உளி பிடிக்கத் தெரிந்தவர், மீட்டர் வைத்திருப்பவர், அவசரமில்லாதவர் வாங்கலாம். பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்க நினைப்பவர், பூட்டி முடித்த கிடாரை மேலமாசி வீதியிலோ வேறு எங்கோ கடையில் வாசித்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

கடையின் சேவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்பைத் தேடிப் போவதற்கு முன்பே, “நட் சரியில்லை, மாற்றி அனுப்புங்கள்” என்று அவர்களுக்கு எழுதியிருந்தேன். பதினெட்டாம் நாள் சிறிய பொட்டலம் ஒன்று வந்தது, கூரியர் செலவும் அவர்களுடையதே. பிரித்தால் போல்ட்டில் மாட்டும் எட்டு மில்லிமீட்டர் நட்டுகள் நான்கு. நல்ல இரும்பு. பட்டறையில் ஒரு மோனோபிளாக் பம்பின் அடித்தட்டில் முடுக்கிவிட்டேன்.