கிளியரன்ஸ் வக்கீல்: ஒரு மணி நேரத்துக்கு 400 டாலர்

வடக்கு வர்ஜீனியாவில் ஒரு வக்கீல் அலுவலகம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ராணுவ ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அரசு ரகசியங்களைக் கையாள அனுமதி தரும் சீக்ரெட் கிளியரன்ஸுக்கு, பின்னணியைச் சோதிக்கும் எஸ்எஃப்-86 படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். நான் குடியுரிமை வாங்கி ஒன்பது வருடம். ஆனால் அம்மா, அப்பா, மாமியார் எல்லோரும் திருச்சியில். அண்ணனுக்கு பெல் நிறுவனத்தில் வேலை, அதாவது இந்திய அரசு நிறுவனம். அதுதான் வயிற்றைக் கலக்கியது.

வக்கீலம்மா வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றிய ‘பி’ விதியை எடுத்து முன்னால் வைத்தார். 2017 முதல் நடைமுறையில் உள்ள 13 விதிகளில் அது ஒன்று. சொந்தக்காரர்கள் அங்கே இருப்பது தப்பில்லை, அவர்களை வைத்து உங்களை மடக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள் என்றார். எந்த நாடு, அரசு வேலையா, இங்கே உங்கள் வேர் எவ்வளவு ஆழம், இதெல்லாம் கணக்கு. இந்த இருபது நிமிடத்துக்குக் கொடுத்த காசு தகும்.

அப்புறம்தான் சிக்கல். படிவத்தின் 18ஆம் பிரிவில் மாமியாருக்கு இடம் உண்டு, என் சித்திக்கு இல்லை. கடந்த 7 வருடத்தில் பாசத்தாலோ கடமையாலோ நெருங்கிய தொடர்பில் இருக்கும் வெளிநாட்டவர் 19இல் வர வேண்டுமாம். சரி, சித்தி அங்கே போனார். மாமியாருக்கோ பிறந்த தேதி மூன்று: ஜாதகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று. “அமெரிக்காக்காரனுக்கு என் வயசு எதுக்குடி?” என்று அவர் வேறு. பாஸ்போர்ட்டில் உள்ளதைப் போட்டுவிட்டு, மற்றதைக் குறிப்பில் எழுதச் சொன்னார் வக்கீல். அப்பாவின் இனிஷியல் குடும்பப் பெயர் அல்ல என்று நான் அவருக்கு விளக்கிய நேரத்துக்கும் பில் ஓடியது.

காட்டூர் மனையின் பத்திரத்தில் என் பெயரும் இருப்பதைக் கேட்க மறந்து, மின்னஞ்சல் அனுப்பினேன். எட்டு நாள் கழித்து ஒரு வரி பதில்: 20ஏ பிரிவில் எழுதுங்கள். அதற்குத் தனி பில்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஊரில் பெற்றோர் மட்டும்தான், சொத்து எதுவும் இல்லை என்றால் வக்கீல் தேவைப்படாது என்பது என் எண்ணம். கிளியரன்ஸை ஏன் மறுக்கப் போகிறார்கள் என்ற காரணப் பட்டியலோடு கடிதம் வந்துவிட்டால் யோசிக்காமல் வக்கீலிடம் போங்கள். பதில் தர 20 நாள்தான். போகும் முன் டோஹா (இந்த கிளியரன்ஸ் வழக்குகளை விசாரிக்கும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அலுவலகம்) தீர்ப்புகளைப் படியுங்கள். பெயர் நீக்கி இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள், இந்தியச் சொந்தங்கள் உள்ளவர்களின் வழக்கும் அதில் உண்டு. எனக்கு அது தெரிந்தது பில் கட்டிய பிறகு.