மரமுரேஷ் கிராம வீடுகளில் தங்கல்: ப்ரெப் ஊரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ருமேனியாவின் வடகோடியில், உக்ரைன் எல்லையை ஒட்டியிருக்கிறது மரமுரேஷ். அங்கே விவசாயக் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. ‘பென்சியூனே’ என்று வாசலில் பலகை இருக்கும். இந்த வகைத் தங்கலுக்கு, குத்தூய் மலையடிவாரத்து ப்ரெப் ஊரைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே வீட்டில் மூன்று இரவாவது தங்க வேண்டும், இரவு உணவையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். இருட்டிய பிறகு வந்து படுத்து, விடிந்ததும் கிளம்புகிறவர்களுக்கு நகரத்து ஓட்டலே போதும்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘பாரம்பரிய வீடு’ என்ற பெயரில் செங்கல் சுவர்மேல் பலகை ஒட்டிய புதுக் கட்டடங்களும் இருக்கின்றன. படத்தில் மூலையைப் பாருங்கள். பழைய வீட்டில் முழு மரங்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டதுபோலக் கோத்திருக்கும். செங்குத்தான கூரையில் மரச்சில்லுகள் அடுக்கியிருக்கும். முன்புறம் நம் ஊர்த் திண்ணை போலவே ‘ப்ரிஸ்பா’ ஓடும். அழகு அதிகம்தான், ஆனால் வாசல் நிலை தாழ்வு, உயரமானவர்கள் குனிந்தே நுழைய வேண்டும். குளியலறை அறையோடு சேர்ந்ததா, முற்றம் தாண்டிப் போக வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதியவர்களுடன் போனால் இதுதான் முதல் கேள்வி.

மலையடிவாரம் என்பதால் மே, செப்டம்பர் மாதங்களில்கூட இரவு குளிரும். அறையில் ஓடு பதித்த விறகு அடுப்பு இருந்தால் பொழுது சாயும் முன்பே மூட்டச் சொல்லுங்கள். ஓடு சூடேற நேரம் பிடிக்கும். சூடேறிவிட்டால் விறகு அணைந்த பிறகும் வெகுநேரம் வெப்பம் தரும். படுக்கப் போகும்போது மூட்டினால் பாதி இரவு நடுங்க வேண்டியதுதான்.

இனி சாப்பாடு. தங்கலின் உயிரே இதில்தான் இருக்கிறது. சோள மாவைக் கிளறிச் செய்யும் மமலிகா, ஆட்டுப்பால் சீஸ், கெட்டியான புளித்த பாலேடு, முட்டைக்கோஸ் இலையில் பன்றி இறைச்சியும் அரிசியும் சுருட்டிய சர்மாலே, புளிப்புச் சூப்பான சோர்பா, பிளம்பழத்திலிருந்து இருமுறை வடிக்கும் ஹொரின்கா. இந்தச் சாராயத்தில் ஆல்கஹால் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். உணவுக்கு முன் ஒரு சின்னக் கிண்ணம் தருவார்கள். வேண்டாமென்றால் கையை நெஞ்சில் வைத்துச் சிரித்தபடி மறுக்கலாம், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டு அதே சோர்பாவைத் தரக்கூடும். மமலிகாவின் மேலும் பொரித்த பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவும் பழக்கம் உண்டு. ‘தே போஸ்ட்’ என்று கேளுங்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு உணவு அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இராது. புதன், வெள்ளிகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பிலும் இப்படிச் சமைப்பது அந்த வீட்டுப் பெண்களுக்குப் பழக்கமானது. பீன்ஸ் மசியல், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த ஸகுஸ்கா, காளான் என்று மேசை நிறையும். பால் பொருள் சாப்பிடுவோம் என்றால் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். வருவதற்கு முந்தைய நாளே தகவல் போக வேண்டும். சமையல் காலையிலேயே தொடங்கிவிடும்.

போக ஏற்ற காலம் ஜூன் கடைசி முதல் ஜூலை வரை, வைக்கோல்புல் அறுக்கும் பருவம். பனி ஈரம் காய்வதற்குள் நீளக்கைப்பிடி அரிவாளால் அறுப்பார்கள், ஈரப்புல் எளிதில் வெட்டுப்படும். இடுப்பில் தொங்கும் கூட்டில் தண்ணீரோடு சாணைக்கல் இருக்கும். காய்ந்த புல்லை நடுக்கம்பத்தைச் சுற்றிப் போராக ஏற்றுவார்கள். நடுவில் மழை பிடித்தால் புல் அழுகும், பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீனி இருக்காது. ஆகையால் வெயில் அடிக்கும் நாளில் இரவு உணவு தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். புல்வெளியின் குறுக்கே நடப்பது மட்டும் வேண்டாம். மிதிபட்ட புல் அரிவாளுக்குச் சிக்காது.

பக்கத்தில் பார்க்க வேண்டியவற்றில் முதலிடம் புதெஷ்டி, தெசெஷ்டி மரக் கோயில்களுக்கு. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த எட்டு மரமுரேஷ் கோயில்களில் இவை இரண்டு. பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், சாவி வைத்திருப்பவரைக் காட்டுவார்கள். ஸர்பி ஊரில் ஓடைநீர் மரத்தொட்டியில் சுழன்று கம்பளிகளைத் துவைக்கும் ‘வல்தோவாரே’யைத் தவறவிடாதீர்கள். விஷேவு தே சூஸ் ஊரில் 760 மில்லிமீட்டர் அகலக் குறுகிய தண்டவாளத்தில் ஓடும் நீராவி ரயிலுக்குக் கோடையில் முன்பதிவு அவசியம். அது காலையில் புறப்படுகிறது. ப்ரெப்பிலிருந்து வளைவுச் சாலையில் போக வேண்டும், அதனால் காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

பெரிய குறை போக்குவரத்து. மினிபஸ்கள் குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. க்ளூஜ் அல்லது பாயா மாரே விமான நிலையத்தில் கார் எடுப்பதே வழி. விளக்கில்லாத குதிரை வண்டிகள் சாலையில் வருவதால் பகலிலேயே வந்து சேருங்கள். ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டமான ஷெங்கனில் ருமேனியா இப்போது இருப்பதால், ஷெங்கன் விசா வைத்திருந்தால் தனி விசா தேவையில்லை. பணம் மட்டும் ருமேனிய நாணயமான லெய் நோட்டாக, சில்லறையோடு கையில் இருக்கட்டும். பல வீடுகளில் அட்டை இயந்திரம் கிடையாது.