கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளை: ‘அடோலசென்ஸ்’ தொடரும் நாம் பார்த்துப் பழகிய தொடர்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோனால், வரிசையில் பாதி வீடுகளிலிருந்து ஒரே தொடரின் பின்னணி இசை கேட்கும். தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்களின் வீடுகள் இவை. வேலை நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும், தொலைக்காட்சிக்கு முன்னால்தான் குடும்பம் இன்னமும் ஒன்றாக உட்காருகிறது. அந்தத் தொடர்களில் வரும் ‘அடங்காத பிள்ளை’யைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் நான், 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘அடோலசென்ஸ்’ என்னும் நான்கு பகுதி ஆங்கிலத் தொடரைப் பள்ளி விடுமுறையில் அக்கா மகனோடு சேர்ந்து பார்த்து முடித்தேன். பதின்ம வயதுப் பிள்ளையின் கோபத்தை இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து கவனித்த தொடரை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

நம் தொடர்களில் அடங்காத பிள்ளைக்கு மாறாத ஓர் உருவம் இருக்கிறது. கறுப்புச் சட்டை, வாராத தலை, சோற்றுத் தட்டைத் தள்ளிவிடும் கை. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டால் போதும், படம் அவனை விட்டுவிட்டுத் தாய், தகப்பன், பாட்டி, அத்தை என்று ஒவ்வொரு முகமாக இடியோசையோடு பாய்ந்து திரும்புகிறது. கோபப்பட்டவன் பிள்ளை, நமக்குக் காட்டப்படுவதோ அதைக் கேட்டு அதிர்ந்தவர்கள். அதன்பிறகு கன்னத்தில் ஓர் அறை விழுகிறது, இரண்டு நாள் கழித்துப் பிள்ளை காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறான், கதை மாமியார் வழக்குக்குத் திரும்பிவிடுகிறது. பெண்பிள்ளையாக இருந்தால் அவளுடைய கோபத்துக்குக் காதல் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்று கதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ பள்ளிப் பிள்ளைகளையே கதையின் நடுவில் நிறுத்தியது. பெரியவர்களின் சண்டைக்கு நடுவே வந்துபோகும் பாத்திரங்களாக இல்லாமல் அவர்கள் பேசக் கேட்டதே அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

நம் நாட்டிலேயே தமிழில் எடுக்கப்படும் தொடர்களில் நான் பார்த்தவை பேச்சில் உண்மையாக இருக்கின்றன. பையன்கள் மலாயையும் தமிழையும் கலந்து பேசும் விதம் அப்படியே நம் கடைத்தெருவில் கேட்பதுதான். ஆனால் அடங்காத பையன் என்றால் குண்டர் கும்பல், கும்பல் என்றால் மோட்டார் சைக்கிள், கடைசியில் காவல் நிலையம் அல்லது மருத்துவமனை என்று ஒரே தடத்தில் அவற்றில் பல ஓடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் பிள்ளைக்கு அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது என்று எந்தத் தொடராவது நின்று பார்த்திருக்கிறதா? கூடப் படித்தவன் நேராக முதலாம் படிவத்துக்குப் போக, இவன் மட்டும் மலாய்மொழி போதாதவர்களுக்கான புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்கினால், அந்த வெட்கமே ஒரு பிள்ளையை வாய்மூட வைக்கவோ வாய்க்கு வந்தபடி பேச வைக்கவோ போதும். கும்பலில் சேராமல், யாரையும் அடிக்காமல், வெறுமனே கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்குத் திரையில் இடமில்லை.

‘அடோலசென்ஸ்’ அந்தக் கதவை உடைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. விடியற்காலையில் காவல் துறையினர் ஒரு வீட்டுக்குள் புகுந்து, உடன்படித்த மாணவியைக் கொன்றதாக 13 வயது ஜேமியைக் கைது செய்கிறார்கள். அச்சத்தில் அவன் உடுத்தியிருந்ததை நனைத்துவிடுகிறான். ஜாக் தோர்னும் ஸ்டீபன் கிரஹமும் எழுதி, பிலிப் பாரன்டினி இயக்கிய இத்தொடரின் ஒவ்வொரு பகுதியும் வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்டிருக்கிறது. இதைத் தொழில்நுட்ப வித்தை என்று பலர் புகழ்ந்தார்கள். எனக்கு அதன் பயன் வேறாகத் தெரிந்தது. வெட்டு இல்லாத இடத்தில் கோபம் எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி வடிகிறது என்பதை ஒளிக்க வழியில்லை.

மூன்றாம் பகுதி முழுவதும் ஏறக்குறைய ஓர் அறைக்குள்ளேயே நடக்கிறது. உளவியல் வல்லுநரான பிரையனி அவனுக்குச் சூடான சாக்லேட் பானமும் பாதி சாண்ட்விச்சும் கொண்டுவருகிறார். கொஞ்ச நேரம் இருவரும் சிரித்துப் பேசுகிறார்கள். ஒரு கேள்வி அவனுக்குப் பிடிக்காமல் போகிறது. எழுந்து நின்று கத்துகிறான், கோப்பை பறக்கிறது. வெளியே போய் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு அவர் திரும்பி வரும்போது அவன் மறுபடி சின்னப் பையனாக உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் அவனை இழுத்துச் செல்லும்போதும், தன்னை அவருக்குப் பிடிக்குமா என்றுதான் கேட்டுக் கத்துகிறான். ஒரே பிள்ளைக்குள் மிரட்டுகிறவனும் ஏங்குகிறவனும் இருப்பதை ஒரு மணி நேரத்துக்குள் கண்முன்னே நிறுத்திய ஓவன் கூப்பர், இந்த நடிப்புக்காக 15 வயதில் அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியைப் பெற்றார். நடிப்புக்கான பிரைம்டைம் எம்மி பெற்ற ஆண்களில் இவரே மிக இளையவர்.

எங்கள் வீட்டில் அதிகப் பேச்சை எழுப்பியது இரண்டாம் பகுதி. பள்ளிக்கு வரும் விசாரணை அதிகாரிக்கு எதுவும் பிடிபடவில்லை. அங்கேயே படிக்கும் அவருடைய மகன் அவரைத் தனியே அழைத்து, சமூக ஊடகத்தில் பிள்ளைகள் போடும் குறிப்படங்களுக்கு (எமோஜிகளுக்கு) உண்மையில் என்ன பொருள் என்று விளக்குகிறான். அந்த இடத்தில் அக்கா மகன் படத்தை நிறுத்தினான். அதுவரை தொடையின் மேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசியை எடுத்து, தன் வகுப்புக் குழுவில் எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, “இது தெரியாதா சின்னம்மா?” என்று கேட்டான். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அவன் கட்டொழுங்கு ஆசிரியரிடம் இரண்டு முறை நிறுத்தப்பட்ட காரணமும் அன்றுதான் அவன் வாயால் வெளிவந்தது. வீட்டில் நாங்கள் அதை முடி வெட்டாத விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் பகுதியில் பெற்றோர் இருவரும் படுக்கையறையில் உட்கார்ந்து, பிள்ளை தன் அறையில்தானே இருந்தான், பத்திரமாக இருக்கிறான் என்றுதானே நினைத்தோம் என்று பேசுகிறார்கள். இந்தப் பேச்சு நம் தாமானில் எத்தனை வீடுகளில் அப்படியே கேட்கிறது! ஈப்போவில் இரவு வேலைக்குப் போகும் தகப்பனும், தொழிற்சாலை முடிந்து வந்து சமைக்கும் தாயும் “ரூமுலதான் இருக்கான்” என்று நிம்மதியோடு சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். தன் தகப்பனிடம் வார்பட்டையால் அடிவாங்கியவர் ஜேமியின் அப்பா. தன் பிள்ளையை அடிப்பதில்லை என்று உறுதியெடுத்துக் காப்பாற்றியவர். கன்னத்தில் ஓர் அறை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று காட்டும் தொடர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, அடிக்காமல் வளர்த்ததும் போதாமல் போன ஒரு வீட்டைப் பார்ப்பது கடினம்தான். தொடர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல் அந்த மனிதரின் அழுகையோடு நம்மையும் உட்கார வைக்கிறது.

குறைகளும் உண்டு. கொல்லப்பட்ட கேட்டி நமக்கு ஒரு பெயராகவே தங்கிவிடுகிறாள். எல்லாரும் பையனைத்தான் நினைவில் வைப்பார்கள் என்று பெண் அதிகாரி ஒருவர் கதைக்குள்ளேயே சொல்கிறார், ஆனால் சொல்லிவிட்டதால் மட்டும் அந்த இடம் நிரம்பிவிடவில்லை. அவளுடைய தோழி ஜேட் பள்ளியில் ஒருவனைப் போட்டு அடிக்கும் காட்சியில் பொங்கும் கோபத்துக்குத் தனியாக ஒரு பகுதியே தந்திருக்கலாம். இன்னொன்று, அந்தக் குடும்பம் அவ்வளவு தனியாக நிற்பதை நம்மால் எளிதில் ஏற்க முடியாது. நம் ஊராக இருந்தால் மாமாவும் பெரியம்மாவும் கோயில் தலைவரும் அன்று மாலைக்குள் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அது உதவியா பாரமா என்பதை நம் எழுத்தாளர்கள்தான் எழுத வேண்டும்.

பிரிட்டனில் இடைநிலைப்பள்ளிகள் இதை இலவசமாகத் திரையிட நெட்ஃபிளிக்ஸ் வழிசெய்தது. இங்கே வீட்டில் பார்ப்பவர்கள் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டாம். மூத்த பிள்ளையோடு பார்ப்பதானால் ஒரே இரவில் நான்கையும் ஓட்டிவிடாதீர்கள். ஒரு பகுதி பார்த்து மறுநாள் இடைவெளி விட்டால்தான் பிள்ளை பேசத் தொடங்குகிறது. அக்கா மகன் மூன்றாம் பகுதியைத் தன் அப்பாவோடு மறுபடி பார்க்க வேண்டும் என்கிறான். அத்தானுக்கு அடுத்த விடுப்பு ஞாயிற்றுக்கிழமை.