எழும்பூர் டிராவல்ஸ்: தான்சானியா டிக்கெட்டைத் தள்ளிப்போட்ட அனுபவம்

எழும்பூர் ரயில் நிலையம் பக்கத்துச் சந்தில் இருக்கிற இந்த டிராவல்ஸைத் தாராளமாக நம்பலாம். தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் இருக்கும் அண்ணனைப் பார்க்க அம்மாவுக்கும் எனக்கும் இங்கேதான் டிக்கெட் போட்டோம். 2025 அக்டோபர் 29 அன்று அங்கே தேர்தல். பெரிய எதிர்க்கட்சியான சடேமா, தேர்தல் நடத்தை விதியில் கையெழுத்துப் போடவில்லை என்று ஏப்ரலிலேயே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது, அதன் தலைவர் டுண்டு லிஸ்ஸு தேசத்துரோக வழக்கில் அப்போது சிறையில், இன்னொரு எதிர்க்கட்சியான ஏசிடி வசலெண்டோவின் அதிபர் வேட்பாளரையும் நிற்க விடவில்லை, அப்புறம் ஜனங்கள் தெருவுக்கு வராமல் என்ன செய்வார்கள்? துப்பாக்கிச்சூடு, ஊரடங்கு, இணையமும் இல்லை. அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் வராமல் அம்மா சாப்பிடவே இல்லை. அதிபர் சமியா சுலுஹு ஹாசனுக்குக் கிட்டத்தட்ட 98 சதவீத வாக்காம், எதிரே பெரிய ஆளே இல்லாத போட்டியை எப்படித் தேர்தல் என்பது?

நாங்கள் கேட்பதற்கு முன்பே கவுன்டரில் இருக்கும் அக்கா போன் செய்து, "இப்போ போகாதீங்கம்மா, தேதியை மாத்திடலாம்" என்றார். கட்டண வித்தியாசத்தை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார், தன் சர்வீஸ் சார்ஜையும் வாங்கவில்லை. ஹோட்டல் முன்பணம்தான் இன்னும் முழுசாக வரவில்லை, அதை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை மாலை கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.