மர நீள்வீடா, சிமென்ட் நீள்வீடா?

மலேசியாவின் சரவாக் மாநிலத்து இபான் பழங்குடியினர் பல குடும்பங்களாக ஒரே கூரையின் கீழ் வாழும் நீள்வீடு என்றதும் கண்ணில் வருவது ஆற்றங்கரை மரவீடுதான். இரும்புபோல் உறுதியான பெலியான் மரத் தூண்கள், படி வெட்டிய ஒற்றை மரமே ஏணி, கீழே கோழியும் பன்றியும். இப்போது பல இடங்களில் சாலையோரம் செங்கல், சிமென்ட், தகரக் கூரை, முன்னால் வரிசையாகக் கார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டி வரிசையாகக் கட்டிய டெரஸ் வீடுகளா என்று சந்தேகம் வரும்.

தீ விஷயத்தில் சிமென்ட்தான் மேல், இதில் வாதமே இல்லை. ஒரே கூரை என்பதால் மரவீட்டில் ஒரு அறையில் பற்றினால் மொத்த வரிசையும் போய்விடலாம். பெலியானும் இன்று எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். ஆனால் மத்தியான வெயிலில்? மூங்கில் தரை இடுக்கில் காற்று ஏறிவரும் சுகம் சிமென்ட் தரையில் ஏது!

குடும்பத்துக்கு ஒரு தனிப்பகுதியான பிலிக், எல்லா பிலிக் வாசலையும் தொட்டு ஓடும் பொதுக்கூடம் ருவாய், இந்த அமைப்பு இரண்டிலும் உண்டு. நெல் உலர்த்தும் திறந்த மேடையான தஞ்சுதான் புதியவற்றில் விடுபடுகிறது, முன்முற்றமே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு ருவாய் இருந்தால் போதும், டைல்ஸ் போட்டதாக இருந்தாலும் சரி. ஜூன் 1 காவாய் அறுவடைத் திருநாள் அன்று பாய் விரித்து எல்லோரும் அரிசி மதுவான துவாக் குடிப்பது அங்கேதான்.