பைனரி டிரேடிங்கும் நீண்டகால முதலீடும்: நேரம் யார் பக்கம்?

பைனரி டிரேடிங் தளத்தைத் திறந்தால், திரையின் நடுவில் ஒரு பங்கின் அல்லது நாணயத்தின் விலையைக் காட்டி நடுங்கிக்கொண்டே நகரும் ஒரு கோடு. ஓரத்தில் பச்சையில் ஒரு பொத்தான், சிவப்பில் ஒரு பொத்தான். விலை ஏறும் என்று தோன்றினால் பச்சை, இறங்கும் என்று தோன்றினால் சிவப்பு. அழுத்தியதும் 60 விநாடி ஓட ஆரம்பிக்கும். 57வது விநாடி வரை நம் பக்கம் இருந்த கோடு, கடைசியில் மயிரிழை அளவு கீழே நழுவினால் போட்டது முழுவதும் போச்சு. மலையளவு இறங்கியிருந்தாலும் அதே இழப்புதான். டெமோ கணக்கில் ஒரு மாலை முழுக்க இதை அழுத்திப் பார்த்தேன். விட்டு எழுந்திருக்க மனமே வரவில்லை.

இதையும் நீண்டகால முதலீட்டையும் பக்கத்தில் வைக்கும்போது, "அதில் ரிஸ்க் அதிகம், லாபமும் அதிகம், இதில் இரண்டும் குறைவு" என்று பலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எடுக்கும் ரிஸ்குக்கு ஏதாவது கூலி கிடைக்க வேண்டாமா? பைனரியில் கிடைப்பதில்லை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

ஜெயித்தால் 80 சதவீத லாபம் தரும் தளம் என்று வைத்துக்கொள்வோம். 100 போட்டு ஜெயித்தால் கையில் கூடுவது 80. தோற்றால் போவது 100. ஒரு நிமிடத்தில் விலை எந்தப் பக்கம் போகும் என்பது ஏறக்குறைய காசு சுண்டிப் போடுவது மாதிரிதான். 100 முறை ஆடி 50 முறை ஜெயித்தால் வரவு 4,000, செலவு 5,000. நிகர நஷ்டம் 1,000. சரி, கொஞ்சம் கெட்டிக்காரர், 55 முறை ஜெயிக்கிறார் என்றால்? வரவு 4,400, செலவு 4,500. அவருக்கும் நஷ்டம்தான். 100க்கு 56 முறை சரியாகச் சொன்னால்தான் தலை நீருக்கு மேலே வரும். அதையும் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

இன்னொன்று. எத்தனை முறை ஆடுகிறோமோ அத்தனைக்கு அத்தனை நம் முடிவு இந்தச் சராசரியை நெருங்கும். 10 ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கைகொடுக்கலாம். 1,000 ஆட்டத்தில் கொடுக்காது. நாள் போகப்போக நிச்சயமாவது நஷ்டம் மட்டுமே.

நீண்டகால முதலீட்டில் இதே நேரம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பல நூறு நிறுவனங்களின் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு குறியீட்டு ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனங்கள் பொருள் விற்கின்றன, லாபம் பார்க்கின்றன, அதில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகத் தருகின்றன, மீதியைத் தொழிலிலேயே போடுகின்றன. நமக்கு வரும் பணம் அந்த லாபத்திலிருந்து வருகிறது. பக்கத்தில் இருப்பவர் தோற்றால்தான் நமக்குக் கிடைக்கும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. பைனரியிலோ, பல தளங்களில் நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பது அந்தத் தளமேதான். நாம் தோற்றால் அது அவர்களுக்கு வருமானம். விலைக்கோட்டைத் திரையில் காட்டுபவர்களும் அவர்களேதான் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கூட்டு வட்டிக் கணக்கை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், ஆனாலும் ஒரு விஷயம் கவனத்துக்கு வராமல் போகும். 10,000ஐ ஆண்டுக்கு 8 சதவீதத்தில் விட்டுவைத்தால் 20 ஆண்டில் சுமார் 46,600. 30 ஆண்டில் சுமார் 1,00,600. அதாவது முதல் 20 ஆண்டில் வளர்ந்ததைவிடக் கடைசி 10 ஆண்டில் வளர்ந்தது அதிகம். அதே பணத்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் கட்டணமாகப் போனால் 30 ஆண்டு முடிவில் கையில் இருப்பது சுமார் 57,400 மட்டுமே. ஃபண்டு தேர்ந்தெடுக்கும்போது பலர் பார்க்காமல் விடுவது இந்தக் கட்டணத்தைத்தான்.

அந்த 8 சதவீதம் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கு மேல் விழுந்தது. பழைய உச்சத்தைத் தொட 2013 ஆகிவிட்டது. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேயின் கதை இன்னும் மோசம். 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒரே நாட்டில், ஒரே நாளில், மொத்தப் பணத்தையும் இறக்குவது நீண்டகால முதலீடு என்ற பெயரில் செய்யும் சூதாட்டம். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதும், பல நாடுகளிலும் கடன் பத்திரங்களிலும் பிரித்து வைப்பதும் இதற்காகத்தான். விழுந்தாலும் இங்கே கையில் பங்கு மிஞ்சும். பைனரியில் தோற்றால் நிமிடம் முடிந்ததும் மிஞ்சுவது பூஜ்யம்.

இனி பைனரிக்காரர்கள் சொல்லும் "உத்தி" ஒன்றைப் பார்ப்போம். தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகப் போடு, ஒரே வெற்றியில் எல்லாம் திரும்பிவிடும் என்பார்கள். மார்ட்டிங்கேல் என்று பெயர். 80 சதவீதத் தளத்தில் செய்து பாருங்கள். 100 போனது. அடுத்து 200, ஜெயித்தால் 160 வரும், 100 கழிய மிச்சம் 60. அதுவும் தோற்றால் 400, ஜெயித்தால் 320, அதுவரை போன 300 கழிய மிச்சம் 20. அதுவும் போனால் 800. இந்த முறை ஜெயித்துவிட்டீர்கள், 640 வந்தது. ஆனால் அதற்குள் போனது 700. ஜெயித்தும் 60 நஷ்டம்! எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று டெலிகிராமில் சிக்னல் விற்கிற பலர் இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டதே இல்லை என்று நினைக்கிறேன். போட்டிருந்தும் விற்கிறார்கள் என்றால், அது வேறு விஷயம்.

கட்டுப்பாட்டு அமைப்புகள் என்ன செய்தன என்பதும் ஒரு ஒப்பீடுதான். இந்தத் தொழிலின் பெரிய மையமாக இருந்த இஸ்ரேலே 2017 அக்டோபரில் இதைத் தடை செய்து சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையில் சாதாரண முதலீட்டாளர்களுக்கு இதை விற்பதை நிறுத்தியது. பிரிட்டன் 2019 ஏப்ரலில் நிரந்தரத் தடை கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2021 மேயில் தடுத்தது. அங்கே சாதாரண வாடிக்கையாளர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பணம் இழந்ததைக் கட்டுப்பாட்டு அமைப்பே கண்டறிந்திருந்தது. குறியீட்டு ஃபண்டு 1976 முதல் சாதாரண மக்களுக்குக் கிடைக்கிறது. அதிலிருந்து மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று இப்படி யாரும் வரிசைகட்டிச் சட்டம் போடவில்லை.

இரண்டு, மூன்று வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. அது வங்கி வைப்புநிதியில் இருக்கட்டும். வட்டி குறைவுதான், பணவீக்கம் கொஞ்சம் தின்னும்தான், பரவாயில்லை.

கடைசியாக, போட்ட பணத்தை வெளியே எடுப்பது. பட்டியலிட்ட பங்கோ ஃபண்டோ என்றால் விற்ற சில நாட்களில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அன்றைய விலை பிடிக்காமல் போகலாம், அவ்வளவுதான். பைனரி தளத்தில் முதலில் போனஸ் குறுக்கே நிற்கும். 1,000 கட்டியதற்கு 1,000 போனஸ், ஆனால் போனஸைப் போல் 40 மடங்குக்கு ஆடினால்தான் பணம் எடுக்கலாம் என்று நிபந்தனை இருந்தால், 40,000க்குப் பந்தயம் கட்ட வேண்டும். 100க்கு 10 வீதம் சராசரி நஷ்டம் என்றால் 4,000. கணக்கில் இருப்பதோ 2,000. அதையும் தாண்டி வந்தால் அடையாளச் சான்று மறுபடி கேட்பார்கள், அப்புறம் "வரி முன்கூட்டியே கட்டுங்கள்" என்பார்கள். சில மாதம் கழித்து இன்னொரு போன் வரும். நீங்கள் இழந்த தொகையைச் சரியாகச் சொல்லி, சின்னக் கட்டணத்துக்கு அதை மீட்டுத் தருவதாகப் பேசுவார்கள். அந்தத் தொகை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.