டாவின்சி ரிசால்வ்: டைம்லைனில் நகர்வது நெடுநாள் பயன்பாட்டில் எப்படி?

வீடியோ எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் எடிட் பக்கத்தில் நேரத்தைத் தின்பது வெட்டுவதல்ல, வெட்ட வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான். கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில், நிற்கும் இடத்தைக் காட்டும் கோடான பிளேஹெட்டை மவுஸால் இழுத்துக்கொண்டிருக்கும் வரை கைக்கு வேகம் வராது.

முதலில் பழக வேண்டியவை ஜே, கே, எல் கீகள். எல் முன்னால் ஓட்டும், ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும். எல் கீயைத் தட்டத் தட்ட வேகம் கூடும். நீண்ட பேட்டிகளை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டே தேறிவிடலாம். கே கீயை அழுத்திப் பிடித்தபடி எல் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக (ஒற்றைப் படமாக) நகரும்.

மேல், கீழ் அம்புக்குறிகள் வெட்டுக்கு வெட்டு தாவும். இசை, எஃபெக்ட் டிராக்குகளின் வெட்டுகளிலும் நின்று நின்று போகிறதா? அந்த டிராக்குகளின் தலைப்பில் ஆட்டோ செலக்ட் பொத்தானை (கட்டளைகள் எந்த டிராக்குகளைத் தொடும் என்று தீர்மானிப்பது) அணையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும். கண்ட்ரோல்+பி கொண்டு வெட்டுவதும், பேஸ்ட் செய்வதும் அதே பொத்தானைத்தான் பார்க்கின்றன. மறந்தால் படம் வெட்டுப்படும், ஒலி அப்படியே கிடக்கும்.

ஷிஃப்ட்+இசட் மொத்த டைம்லைனையும் திரைக்குள் அடக்கும். மறுபடி அழுத்தினால் பழைய ஜூமுக்கே திரும்பும். இரண்டு மணி நேர டைம்லைனில் இதைவிடப் பயனுள்ள கீ வேறில்லை. ஆல்ட் பிடித்துச் சக்கரத்தை உருட்டினால் ஜூம், கண்ட்ரோல் பிடித்தால் பக்கவாட்டில் நகரும்.

எண் தட்டிப் போவது துல்லியமானது, ஆபத்தும் அதில்தான். +12 என்றால் 12 ஃபிரேம் முன்னால். +2 போட்டு ஒரு புள்ளி வைத்தால் 2 விநாடி. ஆனால் ஏதாவது கிளிப் தேர்வாகியிருந்தால் பிளேஹெட் அசையாது, கிளிப்பே நகர்ந்து பக்கத்துக் கிளிப்பின் மேல் ஏறி அதைத் தின்றுவிடும். எண்ணைத் தொடும் முன் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்தித் தேர்வை நீக்குங்கள். இடத்தைக் குறித்துவைக்கும் மார்க்கரிலும் இதே சங்கதி: கிளிப் தேர்வில் இருக்கும்போது எம் தட்டினால் மார்க்கர் டைம்லைனில் விழாது, கிளிப்பில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பின்னால் ஓட்டும்போது திக்கினால் குறை கீபோர்டில் இல்லை. கேமரா சுருக்கிப் பதியும் எச்.264 கோப்பில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப்படங்களல்ல. ஒன்றைக் காட்ட முந்தைய கீஃபிரேமிலிருந்து (முழுப்படமாகப் பதிந்த ஃபிரேமிலிருந்து) விரித்து வர வேண்டும். எடிட்டிங்குக்கான டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற வீடியோ வடிவில், பாதி அளவில் பிராக்ஸி (எடிட் செய்ய மட்டும் பயன்படும் மாற்று நகல்) எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும், ஜே கீயும் வழுக்கிக்கொண்டு ஓடும். வட்டில் இடம் மட்டும் தாராளமாக ஒதுக்குங்கள்.